உங்கப்பாவின் சாம்பிள் பல்

சிவன்மலை முருகன் துணை

ஊர்: நெருப்பெரிச்சல்

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கப்பாவும் சுகம். பல் பிடுங்கின உன் கடைவாயைத் தவிர அயர்லாந்தில் நீயும் முழுக்கச் சுகமாக இருக்க அந்த முருகனையே வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் உங்கப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், விஷயமோ அவரைப் பற்றியது, அதனால் பனியன் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், படித்ததைக் காட்டிக்கொள்ளாதே.

நம் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன் இருந்த கீழ்க்கட்டடத்தில் வேல்விழி பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள் என்று சொன்னேன் இல்லையா, மண்ணரையில் டெய்லராக இருந்த ராக்கையாவின் மகள். துணி பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும் துபாய், சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களும் லீவுக்கு வந்தால் அங்கேதான் வாயைத் திறக்கிறார்கள், நீயும் வா என்று கூப்பிட்டதற்கு, பனியன் தைக்கிற ஊருக்கு ப்ளைட் ஏறி வந்து பல்லு கட்டச் சொல்றியாம்மா என்று சிரித்தாயே, அன்றைக்கு போன் ஸ்பீக்கரில் இருந்தது கண்ணு. உங்கப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். தட்டில் இருந்த தோசையை வெகுநேரம் மென்றார்.

மறுநாள் காலையில் டீ கூடக் குடிக்காமல் கீழே இறங்கிப் போய், ஸ்கூட்டரில் இருந்து விழுந்து முன்பல் மூன்று போனதிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாரே அந்தப் பல் செட்டு, அதை வேல்விழியின் மேஜையில் வைத்துவிட்டு, ஏனுங் டாக்டரம்மா, இதுக்கு நெலையா மூணு பல்லுப் போடோணுங்க என்றாராம். இத்தனை வருஷமாக நான் கெஞ்சாத நாளில்லை, திருமண வீட்டில் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்து நான் பட்ட வெட்கம் கொஞ்சமில்லை, அப்போதெல்லாம் அசையாத மனுஷன் இப்போது எதற்குப் போனார் என்று எனக்குப் புரியவே இல்லை.

நிட்டிங் மெஷினுக்கு ஊசி விற்க வருவாரே மயில்சாமி, அவர் இப்போது பல் டாக்டர்களுக்கு நாற்காலியும் மெஷினும் விற்கிறார். பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று எங்கே பார்த்தாலும் புதுப் பல் ஆஸ்பத்திரி திறப்பதால் ஊசியை விட இதில்தான் ஓட்டமாம். வேல்விழிக்கும் பல் கடைகிற மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். வெள்ளைக் கட்டி ஒன்றை உள்ளே வைத்து மூடினால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே கடைந்து பல்லாக எடுத்துக் கொடுக்கிறது, எனக்கு அதன் முன்னால் கை கூப்பத் தோன்றியது. உங்கப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஷிப்டுக்கு எத்தன பல்லுங்க எறங்கும் என்று கேட்டார். வேல்விழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அதோடு விட்டாரா. பல்லின் நிறம் பார்ப்பதற்கு வரிசையாகப் பல் கோத்த அட்டை ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்ததும் நம்ம ஷேட் கார்டுதானுங்களே என்று வாங்கிக்கொண்டு நேராகக் கம்பெனிக்குப் போய், துணிக்கு நிறம் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்து, எல்லா லைட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, எக்ஸ்போர்ட் பனியன் மாதிரி பளீரென்று இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடாத குறையாகக் கொடுத்தார். வேல்விழி, அய்யா இது துணி இல்லய்யா, வாய்க்குள்ள யாரு லைட் பாக்ஸ் வச்சுப் பாக்கப்போறா, ஒங்க பக்கத்துப் பல்லோட சேரணும்லா என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. சரி, ஒரு வாரத்துக்குப் பிளாஸ்டிக்கில போட்டு நடமாடிப் பாருங்க என்று ஒட்டி அனுப்பினாள், புத்திசாலி.

அந்த வாரம்தான் சுப்பண்ணன் வீட்டுக் கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் சுப்பண்ணன், ஏனுங் ரத்தினசாமி, வாய்க்குள்ள எல்இடி பல்பு போட்டுட்டீங்களாட்ட இருக்குது, கரண்டு போனா உங்களையே நிறுத்திக்கலாமுங்க என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், சாமி மன்னிக்கட்டும். அப்புறம் போட்டோவுக்குக் கூட வாயைத் திறக்காமல் வீடு வந்து, ஷேட் ரிஜக்ட் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் படுத்தார். மறுநாள் வேல்விழி அவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, அவருடைய சொந்தப் பல்லுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்து, லேசாகப் பழுத்த நிறம் ஒன்றை எடுத்தாள். இப்போது எது பிறந்த பல், எது வாங்கின பல் என்று எனக்கே தெரியவில்லை. முறுக்கைக் கடிக்கிற சத்தம் அடுத்த வீடு வரை கேட்கிறது.

செலவை வைத்தியக் கணக்கில் எழுதப் போனேன். அப்போதுதான் சொன்னார், அதுல எழுதாத, சாம்பிள் செலவுல எழுது, சாம்பிள் ஓக்கே ஆகாம எந்தச் சரக்கையாச்சும் கட்டிங்குக்கு உட்டிருக்கறமா, நம்ம அம்மிணி கிருத்திகா வாயில புது மெசின் பல்லு வெக்கறதுக்கு முன்னால ஒண்ணு போட்டுப் பாக்க வேண்டாமா என்று. நான் பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன், வெங்காயம் நறுக்கும் வேலை இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தாரே, என்னப்பா இன்னைக்கு ஒரே சிரிப்பா இருக்கு என்று கேட்டாயே, அவர் சிரிக்கவில்லை, உன்னிடம் சாம்பிள் காட்டிக்கொண்டிருந்தார். வா என்று வாய்விட்டுக் கூப்பிட அவருக்கு வராது.

நீ ஒரு பக்கமாகவே மென்று மென்று கன்னம் ஒட்டிப் போய்விட்டாய். உன் பல் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று சிவன்மலைக்கு வேண்டிக்கொண்டு, வேல்விழியிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். உங்கப்பாவுக்குப் போல் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டாமல், உனக்கு முதலில் எலும்பில் திருகாணி வைப்பார்களாம், அது பிடிக்க மூன்று நான்கு மாதம் விட்டு, மறுபடி வந்து பல் வைத்துக்கொள்ள வேண்டுமாம், ரெண்டு தடவ வரணும்மா, அதுதான் செரமம் என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள். எனக்கு எங்கே வருத்தம். வேண்டுதலை மாற்றிக்கொண்டேன், நோவில்லாமல் ஆறட்டும், ஆனால் அவசரமில்லை முருகா என்று. பொங்கல் நோன்பிக்கு ஒன்று, வைகாசிக்கு ஒன்று என்று வேல்விழி இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாள். தேதியை என்னிடம் சொல்லாதே, உங்கப்பாவுக்கு நீயே போன் போட்டுச் சொல். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதை மறக்காதே. தீர்க்காயுசோடு நன்றாக இரு கண்ணு.

பல்லுக்காக மட்டும் வந்தாலும் போதும், அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று ஊரில் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ர. வசந்தாமணி