உன் அறைக்கு மேலே உள்ள தகரம்

அண்ணா,

இன்றைக்கு நீதான் கூரையில் ஏற வேண்டும். ஆம்பளப் பிள்ளையை வேலை ஏவாதே என்று அம்மா என் வாயை அடைத்தே வளர்த்தாள், இதோ, ஏவுகிறேன். சாயங்காலம் புயல். அம்மாவின் சாமான் நனையாமலிருக்க அவள் கட்டிலுக்கு மேலே இருக்கும் தகரத்தை நானே கம்பி போட்டு இறுக்கி, மணல் மூட்டை ஏற்றிவிட்டேன். "படிச்ச பொண்ணு கூரையில ஏறுனா நாலு பேர் சிரிப்பாங்க" என்று போர்வைக்குள் கிடந்தபடி சொன்னாயே, ஒருத்தரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உன் அறைக்கு மேலே நான் கை வைக்கவில்லை. கம்பியும் குறடும் உன் கதவடியில் இருக்கின்றன.

அம்மாவை டவுனில் நான் வேலைக்காக எடுத்திருக்கும் வாடகை அறைக்குக் கூட்டிப் போகிறேன். இனி அவள் அங்கேதான்.

சோறு மூடியிருக்கிறது. கூரை ஒழுகுவதற்குள் சாப்பிடு.

"அவனக் கேக்காம எப்படிடி?" என்கிறாள் அம்மா. நான் கேட்கவில்லை, சொல்கிறேன். வண்டி வந்துவிட்டது.