உன் அப்பா அழைத்து வந்த கப்பல்

26 மே 1940

அன்புள்ள ராக்னா,

நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் மினசோட்டாவில் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள், அதனால் தோர்மோடின் அக்கா இதை ஸ்வீடன் வழியாகக் கொண்டுபோகிறாள்.

அப்பாவைப் பற்றி ஊரிலிருந்து யாராவது உனக்கு எழுதியிருக்கலாம். நடந்தது இதுதான். ஏப்ரல் ஒன்பதாம் தேதி விடியும்போது, ஒரு கப்பல், துறைக்குள் கூட்டிவர வழிகாட்டி வேண்டும் என்று விளக்கால் செய்தி அனுப்பியது. ஆங்கிலத்தில் இருந்ததால் காவல் கோபுரத்துத் தோர்மோட் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான், "டீச்சர், வருவான் வருவான்னாங்களே, இங்கிலீஷ்காரன் வந்துட்டான்" என்று. 'வழிகாட்டி எப்போது கிடைப்பார்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'எப்போது வழிகாட்டி ஆவோம்' என்றிருந்தது. ஜெர்மானியர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தவறு அது, அவர்களுடைய 'கிடைப்பது' ஆங்கிலத்தின் 'ஆவது' போலவே ஒலிக்கும். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஹாம்பர்க் பெண் மூன்று வருடமும் அதைத்தான் எழுதினாள். தெரிந்தும் நான் வேடிக்கையாக, இந்தக் கேப்டனைப் பரீட்சையில் தேற விட மாட்டேன் என்றேன். அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டே, "உங்கிட்ட படிச்ச பசங்களா அவங்க? பனி கொட்டுது, வந்ததும் குடிக்கக் காப்பி வை" என்று போனார். யாருடைய கப்பல் என்று கேட்பது வழிகாட்டிகளின் வழக்கத்தில் இல்லை. கப்பலில் ஏறியதும் அப்பாவின் முதுகில் துப்பாக்கி வைத்தார்கள். நம் வழிகாட்டிப் படகு ஒட்டி வருவதைப் பார்த்துக் கோட்டையில் பீரங்கியைச் சுடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் துறையில் குதித்து இறங்கியபோதுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. கோட்டையில் பதினொரு பேர் செத்தார்கள். இருவர் என் வகுப்பில் இருந்தவர்கள்.

இப்போது அப்பா மீன் வாங்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. கூட வேலை செய்த ஆஸ்லாக் எல்லார் முன்னாலும், "என்ன எய்விண்ட், அடுத்த கப்பலை எப்பக் கூட்டிட்டு வரப்போற?" என்று கேட்டிருக்கிறான். விசாரித்த வழிகாட்டிச் சங்கத்தாரிடம் அப்பா சொன்னது, "கூப்பிட்டாங்க, போனேன்" என்பது மட்டும்தான். என் பெயர் வந்துவிடும் என்று சீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை, தோர்மோடையும் திறக்க விடவில்லை. முப்பது வருடத் தொழில், பெயரை நீக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, படகுக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சீட்டு என் அகராதிக்குள் இருக்கிறது. தவறான சொல்லின் கீழே, பழக்கத்தில், பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். நாளை சங்கம் மறுபடி கூடுகிறது, அவர்கள் மேசையில் அதை வைக்கப் போகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விட மாட்டார்.

நீங்கள் இருவரும் நல்லபடியாக இருங்கள், குளிரில் தொண்டையை மூடிக்கொள். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் கப்பலைப் பற்றி எதுவும் கேட்காதே. என்னிடம் கேள்.

உன் அம்மா,
கெர்த்ருட்