ஒன்பதாம் வெள்ளியின் காப்பி

என் ஆசை அக்கா மதலேனுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உன் குழிமேட்டில் செவ்வந்தி வைத்துவிட்டு வந்தேன். மெழுகுவத்திதான் காற்றில் நிற்கவில்லை. உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் நன்மை வாங்க, அதுதான் நற்கருணை அப்பம் வாங்க, ஒரு மணி நேரம் பட்டினி இருந்தால் போதுமாம். என்னோடு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் பெண்கள் இட்லி தின்றுவிட்டு வந்து பூசை பார்த்து, நன்மையும் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. நம் காலத்தில் நடுராத்திரியிலிருந்து தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாதே.

அந்தப் பட்டினியிலும் நீதான் கெட்டிக்காரி. எனக்குப் பூசை முழுவதும் சோற்று நினைப்பு. நீயோ பீடத்துக்கு முன்னால் கிராதியில் முழங்கால் போட்டு நன்மை வாங்கித் திரும்பும்போது விருந்துண்டவள்போல் இருப்பாய். "அவ மொகத்தப் பாரு, நீயும் இருக்கறயே" என்பாள் அம்மா. ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே அப்பத்தை வாங்கினோம். உனக்கு மட்டும் எப்படியக்கா பசி ஆறியது?

மாதத்தின் முதல் வெள்ளி, அதுதான் தலைவெள்ளி. ஒன்பது தலைவெள்ளி விடாமல் நன்மை வாங்கினால், சாகும்போது சாமியார் வந்து கடைசி நன்மை கொடுக்காமல் போகமாட்டார் என்று நம் வீட்டில் நம்பிக்கை. ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்துதான். இருவரும் சேர்ந்தே தொடங்கினோம். நான் நான்காம் வெள்ளியன்று கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு பொரியுருண்டையைத் தின்று கெடுத்துக்கொண்டேன். நீ எட்டை முடித்துவிட்டாய். வீடே உன்னைக் கொண்டாடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்பதாம் வெள்ளி விடியலில் அம்மாவுக்குக் கருப்பட்டிக் காப்பி காய்ச்சினேன். நீ தலை பின்னிக்கொண்டே அடுப்படிக்கு வந்தாய். "இனிப்புப் போதுமான்னு பாருக்கா" என்று கரண்டியை நீட்டினேன். தினமும் ருசி பார்க்கிறவள் நீதானே. பழக்கத்தில் உறிஞ்சிவிட்டு, "போதுங் கண்ணு" என்றும் சொல்லிவிட்டாய். பிறகுதான் உன் கை பின்னலில் நின்றது. மறந்து நீட்டவில்லை அக்கா, தெரிந்தேதான் நீட்டினேன்.

அன்று பூசையில் நீ இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. நான் அந்தப் பாவத்தோடேயே போய் நாக்கை நீட்டி வாங்கி வந்தேன். அம்மா கேட்டபோது, "மறந்து காப்பி குடிச்சுப் போட்டனுங்கம்மா" என்றாய். என் பெயர் வரவில்லை. மத்தியானம் கம்பெனியில், பனியன் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்த உன்னிடம், "எம்மேல கோவமாக்கா?" என்றேன்.

"உம்மேல எதுக்குக் கண்ணு கோவம்? நாக்கு என்னோடதுதான."

திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். இப்படியும் ஒருத்தியால் பேச முடிகிறதே என்று, அதற்கும் பொறாமைதான் வந்தது.

மறுமாதம் ஒன்றிலிருந்து தொடங்கினாய். ஆறு முடிந்திருந்தது. ஏழாவதுக்கு முன்பு காய்ச்சலில் படுத்தாய். சாமியார் குண்டடம் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். "சாமி வந்துட்டாங்களா?" என்று மூன்று தடவை கேட்டாய். "வந்துட்டிருக்காங்கக்கா" என்று மூன்று தடவையும் சொன்னேன். அவர் வந்து இறங்கும்போது உன் கண்ணை அம்மா மூடியிருந்தாள். உன்னைப் பசியோடு அனுப்பியவள் நான்.

அதற்கப்புறம் இன்றுவரை நான் நன்மை வாங்கவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்பேன், என் முறை வருவதற்குள் திரும்பிவிடுவேன். நரக பயம் என்று நினைக்காதே. சொன்னால் மன்னித்துவிடுவாரே என்ற பயம். கேட்டுக் கேட்டும் உனக்குக் கிடைக்காதது எனக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கலாமா?

உண்மையைச் சொல்லட்டுமா? நீ இப்போது ஆண்டவரை நேரிலேயே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்பதை முடிக்காமலே பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டாய். முடிக்கவிடாமல் செய்தவள் இன்னும் வாசலில் நிற்கிறேன்.

வருகிற சனிக்கிழமை அந்த வரிசையிலிருந்து திரும்பமாட்டேன். எல்லாம் சொல்லிவிடுவேன். பிறகு தலைவெள்ளியை ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஒரு மணி நேரக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், பழையபடி நடுராத்திரியிலிருந்து பட்டினிதான். ஒன்பதாவதை வாங்கித் திரும்பும்போது என் முகத்தைப் பார். அன்று ஒரு நாளாவது நீ என்மேல் பொறாமைப்படு அக்கா.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
ரோசலி