இரண்டு வேலை நாட்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விட்டுவிட்டுத் தூறல். துணி காயவில்லை.

இன்று அப்பாவிடம் சொல்லாதது: அந்தக் கடையில் போய் உட்கார எனக்கு விருப்பமில்லை. சொல்லாத இன்னொன்று: இரண்டு மாதமாக இணையத் தளங்களுக்கு எழுத விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் சொல்லியிருப்பேனோ? அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தெரியாது.

பகல் சாப்பாட்டில்தான் பேச்சு வந்தது. அப்பா வேலை செய்யும் அக்குறணை ஹார்ட்வெயார் கடையில் காசு மேசையில் இருந்த பெண்ணுக்குக் கல்யாணம். இடம் காலி.

"மொதலாளி ஹாஜியாரே வாயத் தொறந்து கேட்டாரும்மா. 'ஒங்கட மகள் படிச்சிட்டு சும்மாதானே ஈக்கிற, கொண்டாந்து உடுங்களே'ன்னாரு."

"சும்மாவா?" அம்மா விடவில்லை. "ஊட்டு வேல பூரா அவதான் செய்றா."

"அதத்தான் வெளில சும்மான்னு சொல்லுவாங்க."

அம்மா முறைத்தாள். அப்பா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து: "அவசரமில்ல கௌரி. யோசிச்சிச் சொல்லு. ஆனா சனிக்கிழமைக்குள்ள."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கத்தரிக்காயில் உப்பு கூட. அதையும் சொல்லவில்லை.

இதுவரை:
கொழும்புத் தளம்: பதிலே இல்லை.
பெண்கள் தளம்: "உங்கள் நடை கனமாக இருக்கிறது."
செய்தித் தளம்: அனுபவம் உண்டா என்றார்கள். வேலை தந்தால்தானே அனுபவம்.
சென்னைத் தளம்: வெள்ளி அனுப்பினேன். ஆரோக்கியம், அழகு, வீடு. எங்கிருந்தும் எழுதலாமாம்.

கனமான நடை. மூன்று நாளாக அந்த வார்த்தை வயிற்றுக்குள். இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் நடையில் கல்லாகச் சேர்ந்துவிட்டதா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். நம்பக்கூடாத வெயில்.

நூலகம். இரண்டு புத்தகம் திருப்பிக் கொடுத்தேன், மூன்று எடுத்தேன். டவுனில் பெரஹெரா ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம். பகலிலேயே நடைபாதையில் பாய் விரித்து, நான்கு மூலைக்கும் தண்ணீர்ப் போத்தல் வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். ஒரு பாயில் ஒரு கிழவர் மட்டும், குடும்பம் முழுவதற்குமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தார். பாதையை மூடுவதற்குள் வீடு சேரவேண்டும் என்று கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு ஓட்டம்.

பஸ்ஸில் ஃபஸ்னாவின் கோல். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துக் கதிரை. இப்போது அவள் வாப்பாவின் துணிக்கடையில். சென்னைத் தளத்தைக் கண்டுபிடித்துத் தந்ததே அவள்தான். இதெல்லாம் தெரிந்த ஒரே ஆள்.

"வந்தா பதில்?"

"இல்லடி."

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாக்கிறதானே நீ?"

"இல்ல."

"பொய் சொல்லாத. ஒன்ட டேட்டா முடியிறதே அதுக்குத்தான்."

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இல்லை. அதைவிடக் கூட.

ஆகஸ்ட் 6, புதன்

வந்துவிட்டது.

அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கை கழுவாமலே திறந்தேன். ஆசிரியர் பெயர் ரேவதி. மரியாதையான மின்னஞ்சல். என் மாதிரிக் கட்டுரை பிடித்ததாம் (!!). சோதனைக் கட்டுரை ஒன்று எழுதி அனுப்பவேண்டும். பலபேருக்கு இதே தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், இருவரை எடுப்பார்கள்.

தலைப்பு: முடி உதிர்வைத் தடுக்க ஏழு வழிகள்.

நிபந்தனைகள்: பந்தி மூன்று வரியைத் தாண்டக்கூடாது. "முடி உதிர்வு" என்ற சொல் ஒன்பது இடத்தில் வரவேண்டும், ஆனால் திணித்ததுபோல் தெரியக்கூடாது. முதல் வரியிலேயே வாசகியைப் பயமுறுத்தவேண்டாம். நாளையிலிருந்து இரண்டு வேலை நாட்களுக்குள் அனுப்பவேண்டும்.

அம்மா: "என்னடி, வெங்காயத்தக் கையில வச்சிக்கிட்டுச் சிரிக்கிற?"

"ஒன்னுமில்லம்மா. கண்ணு எரியிது."

சந்தோஷம் அரை மணிநேரம். அதன்பின் பயம். முடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருக்கிறது, சீவுகிறேன், கொட்டுகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலிருந்து மழை. லெப்டொப் மடியில், கட்டிலில்.

முதல் வரி ஆறு தடவை. அழித்தவற்றில் ஒன்று: "உதிர்வது இயற்கை, உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் துயரம்." நல்ல வரி. யாருக்கு வேண்டும் இந்த நல்ல வரி? வைத்தது: "தலை சீவும்போது சீப்பில் நிறைய முடி வருகிறதா? கவலை வேண்டாம்." வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். சீப்பைப் பார்த்துப் பயந்துபோய் ஒருத்தி போனைத் திறக்கிறாள். அவளுக்கு என் துயரம் எதற்கு? கவலை வேண்டாம் என்று யாராவது சொன்னால் போதாதா?

அதற்குப் பிறகு கை ஓடியது.

வெந்தயம், கறிவேப்பிலை, இரும்புச்சத்து, நித்திரை. அம்மாவிடம் சாடைமாடையாகக் கேட்டேன். "ஈரத் தலைய முடியாத, அவ்வளவுதான்" என்றாள். ஐந்தாவது வழி ஆனது.

மத்தியானம் முடிந்துவிட்டது. எண்ணினேன், ஒன்பது. அனுப்பிவிடலாம். அனுப்பவில்லை. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. சனி, ஞாயிறு அவர்களுக்கு லீவு என்று தளத்திலேயே இருக்கிறது. ஆக இன்று ஒரு நாள், திங்கள் இரண்டாம் நாள். நேரம் இருக்கும்போது எதற்கு அவசரம்? கனமான இடம் எங்காவது ஒளிந்திருக்கலாம். ஆறப்போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஃபஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லா ஈக்கி. ஆனா இத எழுதின ஆள் ஒன்னையப் போல இல்ல" என்றாள். பாராட்டா, திட்டா?

ஆகஸ்ட் 8, வெள்ளி, போயா

எல்லாம் மூடியிருக்கிறது. பக்கத்து வீட்டில் அதிகாலையிலிருந்து ரேடியோவில் பண என்னும் பௌத்த உபதேசம். மேல்வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் பன்சலை விகாரைக்குப் போனார்கள். அப்பா வீட்டில், சாரத்தோடு, பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு.

இன்று யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாத நாள். எத்தனை நிம்மதி. போனைக்கூட அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ரேவதியும் தலைக்குக் குளித்துவிட்டு எங்காவது ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். (முடியக்கூடாது!)

கட்டுரையை நான்கு தடவை வாசித்தேன். மூன்றாம் வழியில் ஒரு பந்தி நான்கு வரி. வெட்டினேன். வெட்டியதும் "முடி உதிர்வு" எட்டாகிவிட்டது. இன்னொன்றைச் சேர்க்க ஒரு மணிநேரம்.

பின்னேரம் அப்பா மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டே, முகம் பார்க்காமல்: "நாளைக்கி சனிக்கிழம."

"தெரியும்ப்பா."

ஆகஸ்ட் 9, சனி

சொல்லிவிட்டேன். காலையில் அப்பா செருப்பு மாட்டும்போது, வாசலில். மழை இல்லை.

"அப்பா, நான் கடைக்கு வரல."

ஒரு செருப்பு மாட்டியபடி நின்றார்.

"ஏன்னு நான் கேக்கல. ஹாஜியாரு கேப்பாரே, என்னா சொல்லட்டும்?"

"வேற வேல பாக்குறேன்னு சொல்லுங்க."

"என்னா வேல?"

"திங்கக்கெழம சொல்றேன்ப்பா."

"திங்கக்கெழமதான் காசு லாச்சிச் சாவிய ஹாஜியாரு புது ஆளுக்குக் குடுக்கிறாரு. அதுக்கு முன்னாடிதான் சொல்லணும்." மற்றச் செருப்பையும் மாட்டினார். "சரி விடு. நான் சொல்லிக்கிறேன்."

குடையை எடுக்காமல் போய்விட்டார். இருபது வருடத்தில் ஹாஜியாரிடம் அப்பா எதுவும் கேட்டதில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கேட்காமலே கிடைத்ததை நான் வேண்டாம் என்றேன். ஒரு முடிக் கட்டுரையை நம்பி.

அம்மா நாள் முழுக்க என்னோடு பேச்சில்லை. தையல் மெஷினோடு மட்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை எட்டரைக்கு அனுப்பினேன். சுத்தமாக, ஒன்பதும் இருந்த இடத்தில். முதல் ஆளாக அனுப்பியிருப்பேன் என்று ஒரு கர்வம்கூட.

பத்து மணிக்குப் பதில்.

"வணக்கம் கௌரி. சோதனைக் கட்டுரைகளுக்கான கடைசி நாள் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. இருவரையும் இன்று காலை தேர்ந்தெடுத்துவிட்டோம். ஆர்வத்துக்கு நன்றி."

வெள்ளி. வெள்ளிக்கிழமை. மூன்று தடவை வாசித்தபிறகுதான் புரிந்தது. சென்னையில் ஏது போயா?

அங்கே அன்றைக்கு ஒரு சாதாரண வெள்ளி. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தேநீர் குடித்து, வந்த கட்டுரைகளை வாசித்திருக்கிறார்கள். என் போன் அலுமாரிக்குள். வியாழன் மத்தியானமே முடிந்த கட்டுரை லெப்டொப்பில்.

விளக்கம் எழுதினேன்: இங்கே பௌர்ணமி என்றால் நாடே விடுமுறை, அதை வேலை நாளாக எண்ணும் பழக்கம் எங்களுக்கு இல்லை, பிழை என்னுடையதுதான். கெஞ்சுவதுபோல் இருந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

பதில் உடனே: "அடடா, தெரியாமல் போயிற்றே! ஆனால் முடிவை மாற்ற இயலாது."

அடடா.

ஃபஸ்னா கோலில்: "எனக்கும் தோணல்லயேடி. நானும் திங்கள் எண்டுதானே நெனச்சிக்கிட்டு ஈந்த." அவள் சொன்னது ஆறுதல்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

இன்று அப்பாவிடம் சொல்வதாக வாக்கு. வந்தார், சாப்பிட்டார், நான் தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மழை. பொழுது பட்டு அப்பா நனைந்துகொண்டு வந்தார். துவாயைக் கொடுத்தேன். அவர் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன், முழுவதையும். தளங்கள், இரண்டு மாதம், ரேவதி, போயா. அவர் முகம் துவாய்க்குள் இருந்ததால் சொல்ல முடிந்தது.

துவாயை இறக்கினார்.

"எழுதுறதுக்கு ஆள் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கப்பா."

"ஊட்டுல இருந்தே?"

"ஆமா."

"போயாவுக்கு அவிங்களுக்கு லீவு இல்லியா?"

"இல்லப்பா."

துவாயைக் கொடியில் போட்டார். பிறகு, "நானும் அப்பிடித்தான் எண்ணியிருப்பேன்" என்றார். அடுப்படியிலிருந்து அம்மா: "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வியாழக்கெழமையே அனுப்புன்னு சொல்லியிருப்பேன். தச்சு முடிச்ச ரவிக்கைய யாராவது ஊட்டுல வச்சிக்கிட்டு இருப்பாங்களா?"

உண்மைதான்.

"என்னாதான் எழுதுன? படி பாப்போம்" என்றார் அப்பா.

வாசித்தேன். ஏழு வழியும். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாத தலை. முடிந்ததும் கையால் அதைத் தடவிக்கொண்டார்.

"இத ஒரு முப்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்கக்கூடாதா நீ?"

அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும். சிரித்தபடியே நினைத்தேன்: இவர் நாளைக்குக் கடைக்குப் போய் அந்த இடத்தைத் திரும்பக் கேட்பாரா? கேட்க வேண்டாம் என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. வேண்டாம் என்பதில் எனக்கே இப்போது உறுதியில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல். அம்மா சொன்னாள்.

"போன கெழம சொல்லியிருந்தா தந்திருப்பேனே" என்றாராம் ஹாஜியார். மடவளையிலிருந்து ஒரு பிள்ளை திங்களே வந்து உட்கார்ந்துவிட்டது. கெட்டிக்காரப் பிள்ளையாம். அப்பா அதற்கு லாச்சி எப்படித் திறப்பது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தாராம். அதன் பூட்டு இறுகும், சாவியைக் கொஞ்சம் தூக்கித் திருப்பவேண்டும்.

என்னிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரும்போது தேத்தண்ணிக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கி வந்திருந்தார்.

கடையும் இல்லை, தளமும் இல்லை. பயப்படுவதற்கு இனி குறிப்பாக ஒன்றும் மீதமில்லை. இது நல்லதா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று புதுத் தளங்கள். சமையல் ஒன்று, பிள்ளை வளர்ப்பு ஒன்று, பழைய கொழும்புத் தளம் மறுபடி. முன்னறையில், மேசையில் வைத்து எழுதினேன். அம்மா டீவியைப் போட்டாள். அப்பா: "கொஞ்சம் சத்தத்தக் கொறை. பிள்ள எழுதுது."

சத்தம் இருந்தாலும் எழுதியிருப்பேன். குறைத்தபிறகு ஒரு வரியும் வரவில்லை. இருவரும் என் விரலைப் பார்ப்பதுபோல் இருந்தது.

முடிக் கட்டுரையைத்தான் மாதிரியாக இணைத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு தளங்களிடமிருந்து பதில் இல்லை. சமையல் தளம் வேண்டாம் என்றது. அதை இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன், அவர் கேட்பதற்கு முன்பே.