பனாட்டு என்று கத்தியவன்

எவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டாலும் இனித் திரும்பிப் பார்க்காத என் தவத்துக்கு,

நான் சுற்றிவளைத்துக் கதைக்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போன காரியம் சரிவரவில்லை. நேற்று உன் மகள் மதுவைக் கூட்டிக்கொண்டு சோலோதுர்ன் நகரத்துக்குப் போனேன். வெறுங்கையோடு திரும்பி வந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. போகும்போது அவளிடம் இருந்ததையும் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஓல்டனில் என் கடையை இன்னும் திறக்கவில்லை. மீன் பெட்டிகள் வாசலில் வந்து கிடக்கின்றன. என் மனிசி, உன் தங்கச்சி, இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். யாரிடம் போய் இதைச் சொல்ல? நடந்ததைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று, சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு, மது குசினிக்குள் வந்தாள். நான் பெரிய சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“மாமா, அப்பா எப்பவாவது சிரிச்சவரோ?”

“என்ன பிள்ளை கேள்வி இது?”

“உண்மையாத்தான் கேக்கிறன். நான் காணேல்லை. படங்களிலயும் தேடிப் பாத்திட்டன். ஒண்டிலயும் இல்லை.”

அவளில் என்ன பிழை? அவள் கண்ட தகப்பன், ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கிற ஆள். “சாப்பிட்டியோ”, “கதவைப் பூட்டு”. இவ்வளவுதான் நீ அவளோடு கதைத்த தமிழ். நீ எப்படி அப்படிப் போனாய், தவம்? ஒரு நாளில் நடந்திருந்தால் காரணம் கேட்டிருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததற்கு யாரிடம் காரணம் கேட்பது?

அன்றைக்குத்தான் அவளுக்குச் சடையரின் கதையைச் சொன்னேன்.

அந்த இசைக்குழுவின் பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. இன்றைக்கு அவர்கள் விளையாட்டு மைதானங்களை நிரப்புகிறவர்கள். நாங்கள் அகதிக் காம்பிலிருந்து வெளியே வந்து, சோலோதுர்ன் பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில் அவர்களை யாருக்கும் தெரியாது. ஓட்டை வான் வண்டி ஒன்றில் ஊர் ஊராகப் போவார்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபம், உணவகத்தின் பின்பக்க மண்டபம் என்று கிடைத்த இடத்தில் வாசிப்பார்கள். வாசிக்கிறவனுக்கும் இடுப்புவரை தலைமயிர், கேட்கிறவனுக்கும் இடுப்புவரை தலைமயிர். எல்லோருக்கும் சேர்த்து நாங்கள் வைத்த பெயர் சடையர்.

முதல் தரம் அவர்கள் எங்கள் உணவகத்தில் வாசித்தபோது, கோப்பை கழுவும் அறையின் சுவர் அதிர்ந்தது. அடுக்கிய கோப்பைகள் தாங்களாகவே நகர்ந்தன. நீ நுரை சொட்டச் சொட்டக் கையுறையோடு மண்டப வாசல்வரை போய் நின்றுவிட்டு ஓடி வந்தாய்.

“மச்சான், ஓடி வாடா! வெள்ளைக்காரன் பனாட்டுக் கேக்கிறான்!”

“உனக்கு விசரடா.”

“காதைக் குடுத்துக் கேளன். வடிவாக் கேள்!”

கேட்டேன். ‘பேர்ன் இட் அவுட்’ என்று, எரித்துத் தீர்த்துவிடு என்கிற மாதிரி ஓர் அடி அந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினால் அது எங்கள் காதில் பனாட்டு என்றுதான் விழும். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து வெட்டிச் சாப்பிடுகிற அந்தப் பனாட்டு. வேறு எந்த நாட்டவன் காதிலும் அது அப்படி விழுந்திருக்காது. நீ தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாய். நான் உன்னைப் பார்த்துச் சிரித்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்னவோ பிடித்துவிட்டது என்று போய்விட்டார்.

பிறகு ஒருநாள் இங்கிலீசு தெரிந்த ஒருவன் உனக்கு அதன் அர்த்தத்தைச் சொன்னான். நீ அதைக் கணக்கில் எடுக்கவேயில்லை. “எரிக்கிறதை அங்க நிறையப் பாத்தாச்சு. இவன் பனாட்டுத்தான் கேக்கிறான், நீ பேசாம இரு” என்றாய்.

அதன் பிறகு சடையர் எங்கே போனாலும் நீ போனாய். என்னையும் எங்கள் அறையில் இருந்த மற்ற இருவரையும் இழுத்துக்கொண்டு போனாய். அவர்களின் பெட்டிகளை வானிலிருந்து இறக்கிக் கொடுத்தால் வாசலில் டிக்கெட் காசு கேட்கமாட்டார்கள். அந்த இடம் வரும்போது நாலு பேரும் சேர்ந்து “பனாட்டு!” என்று கத்துவோம். பக்கத்தில் நின்ற சடையர் எங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். அடுத்த மாரிக்குள் மண்டபம் முழுக்க அதைக் கத்தியது. பிறகு மைதானங்கள். பிறகு சட்டைகளிலும் அச்சடித்தார்கள்.

மண்டபத்துக்குள் இருட்டு, எல்லோருக்கும் வியர்வை, ஒருவரும் ஒருவரையும் உற்றுப் பார்ப்பதில்லை, ஒருவரும் விசா என்ன என்று கேட்பதில்லை. அதனால்தான் எங்களுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஒருவரும் பார்க்காத இடத்தில் இருந்தவனைப் பிற்பாடு யார் ஞாபகம் வைத்திருப்பான் என்பது அப்போது எங்கள் மூளையில் ஏறவில்லை.

இதையெல்லாம் கேட்டு மது அழுதாள், பிறகு சிரித்தாள். அடுத்த நாளே ஏதோ ஒரு மைதானத்துக் காணொளியை எடுத்து எனக்கு அனுப்பினாள். “மாமா, இந்தச் சனம் முழுக்க அப்பான்ர சொல்லைக் கத்துது!” பாசலில் வேலைக்குப் போகும்போது டிராமில் அதைப் போட்டுக் கேட்கிறாளாம். உன்னுடைய முகத்தை அந்தச் சத்தத்தில் தேடியிருக்கிறாள், பாவம்.

போன மாதம் ரூடி என்று ஒருவர் கடைக்கு வந்தார். நரைத்த குடுமி, ஓய்வுபெற்ற ரயில் சாரதி, மிளகாய்த்தூள் வாங்க வருகிறவர். அவருடைய சட்டையில் நம்முடைய சொல் இருந்தது. விசாரித்தேன். சடையரின் ஆரம்பகாலப் பயணங்களைப் பற்றிப் பழைய ரசிகர்கள் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறார்களாம். ஞாயிறு மத்தியானம் கூடி, ஆளுக்கு ஆள் ஞாபகத்தைச் சொல்லப் போகிறார்களாம். “நீங்களும் அந்தக் காலத்தில் வந்திருக்கிறீர்களா? அப்படியானால் கட்டாயம் வாருங்கள்” என்றார். மதுவுக்குச் சொன்னேன். ஞாயிறு வேலைக்கு லீவு போட்டுக்கொண்டு வந்தாள். உன்னைக் கண்ட ஒரு வெள்ளைக்காரனையாவது காணலாம் என்பது அவளுடைய ஆசை. காட்டுவேன் என்றேன். பொருளைக் கண்ணால் காணாமல் விலை பேசாதவன் நான். இதில் மட்டும் அவசரப்பட்டுவிட்டேன்.

சோலோதுர்னில், மாடியில் ஒரு அறை. இருபது கிழவர்கள். நல்ல மனிதர்கள், தவம், குறை சொல்ல ஏலாது. கதிரை தந்தார்கள், கோப்பி தந்தார்கள். ரூடி எழும்பி அந்தச் சொல்லின் கதையைத் தொடங்கினார். சடையரின் வான் மலைப்பாதையில் பனிக்குள் நின்றுவிட்டதாம். பனாத்தோ என்றொரு இத்தாலியன், மெக்கானிக், வெறுங்கையால் அதைத் திருத்திக் கொடுத்தானாம். அடுத்த மேடையில் அவனுக்கு நன்றி சொல்லத்தான் பாடுகிறவன் அந்தப் பெயரைக் கத்தினானாம்.

“பனாத்தோவோடு நான் பியர் குடித்திருக்கிறேன்!” என்றார் ஒருவர்.

“ஒரு காது கேட்காது அந்த மனிதனுக்கு” என்றார் இன்னொருவர்.

எனக்கு வியாபாரம் தெரியும். வாய்க்குச் சுகமான கதை கையில் இருந்தால் அதற்கு மேல் வேறு சரக்கு எடுபடாது. இருந்தாலும் எழும்பிச் சொன்னேன். கோப்பை கழுவிய அறை, பனம்பழம், நீ, நாங்கள் நாலு பேர், எல்லாம் சொன்னேன். என் ஜெர்மன் கடை ஜெர்மன். பனாட்டை விளங்கப்படுத்தவே பாதி நேரம் போய்விட்டது. அவர்கள் கைதட்டினார்கள். நல்ல பகிடி சொன்னவனுக்குத் தட்டுகிற கை அது.

“பிரமாதம்!” என்றார் ரூடி. “அப்படியானால் உங்கள் ஆட்களும் எங்கள் பனாத்தோவைத் தங்களுக்கு எடுத்துவிட்டார்கள்!”

அறை முழுக்கச் சிரித்தது. மது சிரிக்கவில்லை. அவள் அவர்களின் பாசையை அவர்களைவிட நன்றாகப் பேசுகிறவள். எழும்பிக் கேட்டாள், தன் தகப்பனை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று. முன்வரிசையில் நின்று கத்திய தமிழ்ப் பெடியன்கள், ஒருவராவது?

இல்லை என்று தலையாட்டினார்கள். பிறகு விரேனி என்று ஒரு அம்மா கையைத் தூக்கினார். எங்கள் உணவகத்தில் பரிமாறியவராம். எனக்கு அவரைத் தெரியவில்லை, அவருக்கு என்னையும் தெரியவில்லை. எழும்பி வந்து மதுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“கோப்பை கழுவிய தமிழ்ப் பிள்ளைகள் எனக்கு நல்ல ஞாபகம். தங்கமான பிள்ளைகள். அவ்வளவு அமைதி! அங்கே இருக்கிறார்களா என்பதே தெரியாது. ஒரு நாளும் சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. சிரிக்கக்கூட மாட்டார்கள், பாவங்கள்.”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். கண்கூடக் கலங்கியிருந்தது. பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பொய் சொல்லவுமில்லை. சாப்பாட்டு மேசைப் பக்கம் வந்தால் நாங்கள் அப்படித்தானே இருந்தோம்? தலையைக் குனிந்துகொண்டு, பயந்துகொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த எங்களை அவர் எப்படிக் கண்டிருப்பார்?

ஆனால் மதுவின் முகத்தை நான் கண்டேன். அவள் அறிந்த தகப்பனும் விரேனி அறிந்த பெடியனும் அச்சொட்டாகப் பொருந்திப் போனார்கள். பொருந்தாமல் நின்றது நான் சொன்ன ஆள் மட்டும்தான்.

ஓல்டன் வரும் ரயிலில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, ஒண்டு கேட்டாக் கோவிக்கமாட்டியளே?”

“கேள் பிள்ளை.”

“நீங்கள் என்னத்தையும் வித்துப்போடுவியள் எண்டு மாமியே சொல்லுவா. அண்டைக்கு நான் அழுறதைப் பாத்திட்டு... எனக்கும் ஒரு கதையை எடுத்துத் தந்தனீங்களோ?”

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபித்திருப்பேன். அவள் மெதுவாகக் கேட்டாள். பழுதான சாமானைத் திருப்பிக் கொண்டுவரும் நல்ல வாடிக்கையாளர், கடைக்காரன் மனம் நோகக் கூடாது என்று கேட்பார்களே, அப்படி.

“இல்லை பிள்ளை. சத்தியமா உண்மை.”

இதே சொல்லை, இதே முகத்தோடு, கடை மேசைக்குப் பின்னால் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? ‘இண்டைக்குத்தான் வந்தது, சத்தியமா.’ உனக்காகச் சொல்ல என்னிடம் வேறு சொல்லோ வேறு முகமோ இருக்கவில்லை, தவம்.

“சரி மாமா” என்றாள். ‘பிறகு வாறன்’ என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களின் சரி அது. ஓல்டனில் இறங்கிப் பாசல் ரயிலுக்குப் போய்விட்டாள். நான் ரயில் மேடையிலேயே நின்றேன்.

எங்களோடு கத்திய மற்ற இருவரில் ஒருவன் கனடாவில் செத்துப்போனான். மற்றவன் எங்கே என்று தெரியாது. இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். அவன் கண்ணில் பட்டால் ஓல்டன் ஸ்டேஷனடியில் தமிழ்க்கடை எது என்று கேட்டு வரட்டும். வருவான் என்று நான் நம்பவில்லை. உன் தங்கச்சி நாங்கள் கோப்பை கழுவுவதை விட்ட பிறகு வந்தவள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீயும் ஒரு வார்த்தை மகளுக்குச் சொல்லி வைக்கவில்லை. ஏனடா சொல்லவில்லை? அதுவும் உனக்கே நம்பமுடியாத கதையாகப் போய்விட்டதோ?

நேற்றிலிருந்து எனக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. மதுவுக்குச் சொல்லும்போது உன் கையுறை மஞ்சள் என்று சொன்னேன். மஞ்சள்தானா? உன் முகமெல்லாம் நுரை என்று சொன்னேன். கண்டேனா, அல்லது சொல்லச் சொல்ல ஒட்டிக்கொண்டதா? அந்தக் கிழவர்கள் பனாத்தோவோடு பியர் குடித்தது மாதிரி நானும் எதையாவது குடித்திருக்கிறேனா? நீ சிரித்தது உண்மை. அதை மட்டும் கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்வேன். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று கேட்டால், காதுக்குள் ஒன்றும் வரவில்லை.

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். இனி நானாக மதுவிடம் உன் கதையை எடுக்கமாட்டேன். வேண்டாம் என்றவளிடம் திரும்பத் திரும்ப நீட்டமாட்டேன். ஒருநாள் அவளாகக் கேட்டால், கேட்காமலும் போகலாம், கண்டதைக் கண்டேன் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன். ஒரு நிறமும் பூசமாட்டேன். அதுவரை இதில் ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், நான் ஒருவனாக வைத்திருப்பேன். எனக்குப் பிறகு இதை வைத்திருக்க ஆள் இல்லை. அதையும் உனக்கு மறைக்கவில்லை.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மகளுக்கு இன்னும் மாமன்,
யோகன்