அந்தச் சிலிண்டர் விஷயம்

அக்கா,

இன்றைக்குக் காலையில் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸை விட்டு இறங்கியதும் சோம்பு வாசனை வந்தது. எண்ணெயில் சோம்பும் பட்டையும் பொரிய, உதிர்த்த வடையை அதில் போட்டுப் புரட்டுகிற வாசனை. வடகறி. நீங்கள் வண்டி போட்டிருந்த அதே தூண் ஓரத்தில் இப்போது வேறொரு பெண் வண்டி போட்டிருக்கிறாள். என் கால் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இறங்கியவர், "ஓரமா நின்னு யோசிம்மா" என்று இடித்துக்கொண்டு போனார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மூன்று வருஷமாக நான் இந்த நிறுத்தத்தில் இறங்குவதில்லை. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, வெயிலில் சுற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போவேன். இன்று இங்கே இறங்கியதற்குக் காரணம் கைப்பைக்குள் இருக்கிற ஒரு காகிதம். உங்களிடம் காட்ட வேண்டிய காகிதம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட வேண்டும்; இத்தனை நாள் மென்று முழுங்கியது போதும்.

வெள்ளானூரில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு வந்த புதிதில் எனக்குச் சமைக்க நேரம் கிடையாது. ஆவடி வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ். பாடியில் இறங்கும்போது வயிறு கத்தும். அப்படித்தான் உங்கள் வண்டிக்கு வந்தேன். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டீர்கள். எம்.பி. ஆபீஸில், வருகிற மனுக்களைப் படித்துப் பதில் எழுதுவேன், அவர் சபையில் பேசக் குறிப்பு தயாரிப்பேன் என்றேன். "அப்ப நீ எய்தறதத்தான் அவரு டெல்லில பேசுவாரா?" என்று கண்ணை விரித்தீர்கள். அன்றையிலிருந்து எனக்கு 'டெல்லிம்மா' என்று பேர். டெல்லியை நான் ரயில் ஜன்னலில் கூடப் பார்த்ததில்லை.

வெங்காயம் யானை விலை விற்ற அந்த மழைக்காலம் நினைவிருக்கிறதா? ஒருநாள் காலை வரிசையில் நின்ற லாரி டிரைவர்கள், கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கரண்டியைத் தட்டி அறிவித்தீர்கள்.

"இன்னிக்கு வடைல வெங்காயம் இல்ல, கோஸுதான் போட்டுகீறேன். புடிச்சா துண்ணுங்க, இல்லாங்காட்டி அடுத்த வண்டிக்குப் போங்க. துண்ணுட்டு அப்பால மொறைக்காதீங்க."

ஒருத்தரும் போகவில்லை. நான்தான் மெதுவாகக் கேட்டேன், "ஏன்க்கா, சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது?"

"எனுக்குத் தெரியுமே. கோஸ் போட்டா கோஸுன்னு சொல்லிடணும் டெல்லிம்மா. டபாய்ச்சி வாங்குன துட்டு கைல நிக்காது."

நான் சிரித்தேன். அதை அங்கேயே மனசில் எழுதி வைத்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

விலைவாசி பற்றிச் சபையில் விவாதம் வரப்போகிறது, தொகுதி மக்கள் படுகிற பாட்டுக்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டும் என்று எம்.பி. கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீங்கள்தான். மறுநாள் காலை வந்து நின்று, "உங்களுக்கு எதுதான்க்கா ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டேன். நீங்கள் ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை. வண்டிக்குக் கீழே இருந்த சிலிண்டரைக் காலால் தொட்டுக் காட்டினீர்கள்.

"இதான். பருப்பு ஏறுனா நாலு வடை கம்மியா சுடுவேன். காய் ஏறுனா கோஸு போடுவேன். இதுக்கு இன்னா பண்றது? ஊட்டு சிலிண்டருக்கு கவருமெண்டு கொஞ்சமாச்சும் துட்டு குடுக்குது. அத வண்டில வெச்சா புடிச்சினு பூடறான். கடை சிலிண்டர்தான் வெக்கணுமாம். பெரிய ஓட்டலுக்கும் அதே ரேட்டு, எனுக்கும் அதே ரேட்டு. நாயமா? சும்மா தரச் சொல்லல. தள்ளுவண்டிக்குன்னு ஒரு சின்ன சிலிண்டரு, ஊட்டு ரேட்ல குட்த்தா போதும். இத மட்டும் சொல்லச் சொல்லு, டெல்லிம்மா. வேற ஒண்ணியும் வேணாம்."

நான் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் நீங்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு சொன்னீர்கள், "இப்டியே போனா கடசீல தாலிய வித்துத்தான் சிலிண்டர் வாங்கணும்." பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. "மஞ்சக் கவுறுதானே கீது, அத எவன் வாங்குவான்?" என்றார். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கிறது. அதைத்தான் நான் விற்றேன்.

சபையில் எம்.பி.க்குக் கொடுத்த நேரம் மூன்று நிமிடம். புள்ளிவிவரத்துக்கு ஒன்றரை நிமிடம் போனது. மீதியில் உங்கள் சிலிண்டரை விளக்க முடியவில்லை. வீட்டு சிலிண்டர் எது, கடை சிலிண்டர் எது, தள்ளுவண்டிக்கு ஏன் தனி விலை என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுவார்கள். "ரொம்பக் கணக்கு வழக்கா இருக்கேம்மா, கேட்டதும் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஒண்ணு குடு" என்றார் எம்.பி. அவர் மேல் பழி போட மாட்டேன். அவர் கேட்டார், கொடுத்தவள் நான். சிலிண்டர் கோரிக்கையை அடித்தேன். உட்கார்ந்து புதிதாக எழுதினேன்.

'பாடி மேம்பாலத்தடியில் வடகறி விற்கும் ஒரு தாய், தாலியை விற்றுச் சிலிண்டர் வாங்குகிறாள். ஊருக்கெல்லாம் பசியாற்றிவிட்டு, வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுக்கிறாள்.'

எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. வெட்கக்கேடு அக்கா, என் எழுத்தைப் பார்த்து நானே அழுதேன். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று ஜாக்கிரதையாகப் பேரை மட்டும் எடுத்துவிட்டேன். அது பெரிய தர்மம் என்று நினைப்பு.

"மத்தியானம் டிவியில வரும்க்கா, மறக்காமப் பாருங்க" என்று உங்களிடம் சொன்னவளும் நான்தான். எம்.பி. தமிழிலேயே பேசினார். தாலி என்றதும் சுற்றி இருந்த உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். ஆபீஸில் எனக்கு ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள், யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த நாற்பது வினாடி மட்டும் தனியாக வெட்டப்பட்டு எல்லார் செல்போனிலும் ஓடியது.

மறுநாள் பல்லை இளித்துக்கொண்டு வண்டிக்கு வந்தேன். தூணுக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை கிடந்தது. காலையிலேயே நாலு பேர் கேமராவோடு வந்து, அந்த மூட்டையை உங்கள் கையில் திணித்துப் படம் எடுக்கப் பார்த்தார்களாம். நீங்கள் வாங்காததால் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர் அன்று வேலைக்குப் போகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் கம்பெனி ஆள் ஒருத்தன் வழியில் பார்த்து, "இன்னா மாமே, பொண்டாட்டி தாலிய வித்து நாஷ்டா துண்றியாமே?" என்று கேட்டிருக்கிறான். குடிக்காத மனுஷன். பொண்டாட்டி தாலி போனால் புருஷன் குடித்துவிட்டான் என்றுதானே ஊர் பேசும்.

நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"நான் சொன்னனா இத?"

"உங்களுக்கு நல்லது நடக்கணும்னுதான்க்கா..."

"நல்லது கெட்டது அப்பால. நான் சொன்னனா, சொல்லலையா?"

"உங்க பேரைப் போடலக்கா."

"பேரப் போடல. வடகறியப் போட்டியே. இந்தப் பாலத்துக்குக் கீய எத்தினி பேரு வடகறி விக்கறாங்க?"

பட்டினி கிடக்காதவளைப் பட்டினி கிடப்பவள் ஆக்கினேன். கேட்டதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கேட்காத பிச்சையை உங்கள் வாசலுக்கு வரவழைத்தேன். அங்கேயே, அப்போதே, 'தப்புப் பண்ணிட்டேன்க்கா' என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை கூட இல்லை. அதற்குப் பதிலாக, ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம்தான் நிறுத்தத்தை மாற்றினேன். கோபம் ஆறட்டும் என்று ஒரு வாரம். ஆறியிருக்கும், ஆனால் இப்போது என்ன முகத்தோடு போவது என்று ஒரு மாதம். பிறகு நாள் கணக்கே விட்டுப்போனது. ஒருமுறை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கையைத் தூக்கினீர்கள். என்னைக் கூப்பிட்டீர்களா, ஈயை ஓட்டினீர்களா, தெரியவில்லை. பஸ் வருகிற பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். அக்கா, அன்று பஸ் எதுவும் வரவில்லை.

போன வருஷம் காய்ச்சலில் நீங்கள் போய்விட்டீர்கள் என்று ஆபீஸில் டீ கொண்டுவருகிறவர் சொன்னார். சாவுக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, உட்காரச் சொல்லி ஃபேனைப் போட்டுவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, அக்காவுக்கு என் மேல கடைசி வரைக்கும் கோவம்தானே?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார், "கோவம் கீதுதான். ஆனா அதில்லம்மா. அன்னிக்கு டிவி பாத்தோம்ல, அந்தத் தாலி விசயம் வந்தப்பவே நான் எய்ந்துட்டேன். உங்கக்காதான் என் கையப் புடிச்சி இஸ்து ஒக்கார வெச்சிது. 'இருய்யா இரு, இப்ப சிலிண்டர் விசயம் சொல்லுவாரு'ன்னுச்சு. அவரு பேசி முடிச்சி ஒக்காந்துட்டாரு. வேற ஒர்த்தர் எய்ந்து பேச ஆரம்பிச்சிட்டாரு. அப்பயும் பாத்துகினே கீது. அப்பாலகூட, உன் ஆபீஸ்காரங்க யார்னா வண்டிக்கு வந்தா கேக்கும், சிலிண்டர் விசயத்தச் சொன்னாங்களான்னு."

வெளியே வந்து செருப்பை மாட்டத் தெரியாமல் நின்றேன். அவமானம் நடந்துகொண்டிருக்கும்போதே நீங்கள் என்னை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது காகிதத்துக்கு வருகிறேன்.

விலைவாசி மறுபடியும் சபைக்கு வந்தது. அது எங்கே போய்விடப் போகிறது? எம்.பி. மறுபடியும், "அன்னிக்கு அந்த வடகறி அம்மா மாதிரி ஒண்ணு குடும்மா" என்றார். நான் அந்தப் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். அதன் பின்பக்கம் இருந்ததைப் பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். ஏழு வரி வந்தது. படித்துவிட்டு, "ரொம்ப வறட்சியா இருக்கே, இதுல என்ன இருக்கு?" என்றார்.

"இதுதான் சார் அவங்க கேட்டது. அன்னிக்கு நான் எழுதினது பொய்."

அவர் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் அக்கா, இந்தத் தடவையும் மணி அடித்துவிட்டார்கள். உங்கள் ஏழு வரிக்கு முன்னாலேயே நேரம் முடிந்துவிட்டது. பேசாமல் மிச்சம் இருந்ததை எழுத்தாகச் சபையில் ஒப்படைத்திருக்கிறார். அப்படி ஒரு வழக்கம் உண்டு, அதுவும் பதிவில் சேர்ந்துவிடும். யாரும் கேட்கவில்லை. யாரும் மேசையைத் தட்டவில்லை. யார் செல்போனிலும் ஓடவில்லை. ஆனால் பதிவில் ஏறியிருக்கிறது. அதைத்தான் அச்செடுத்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தேன்.

அந்தப் புதுப் பெண்ணிடம் இரண்டு இட்லி வாங்கினேன். "வடகறில வெங்காயம்தானேம்மா?" என்று கேட்டேன். "எல்லாம் வெங்காயம்தான் மேடம்" என்றாள். வாயில் வைத்ததுமே கோஸ் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இப்போதெல்லாம் ஒரு மனுவுக்குக் குறிப்பு எழுதும்போது, ஒவ்வொரு வரி முடிந்ததும் உங்கள் குரல் கேட்கிறது: 'நான் சொன்னனா இத?' பாதி வரிகளை அடிக்கிறேன். என் குறிப்புகள் மொட்டையாக இருக்கின்றன, ஆபீஸில் இப்போது யாரும் எனக்குக் கை கொடுப்பதில்லை.

கை கழுவிவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம், நீங்கள் காலி சிலிண்டரைச் சாய்த்து வைத்திருந்த இடத்தில் போய் நின்றேன். மேலே லாரி போகிற இரைச்சல். காகிதத்தைப் பிரித்து ஏழு வரியையும் வாய்விட்டுப் படித்தேன். ஒரு ஆள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனான். போகட்டும்.

இது நீங்கள் சொன்னது அக்கா. நான் எதையும் கலக்கவில்லை. தப்புப் பண்ணிட்டேன்க்கா. சிலிண்டர் விஷயத்தைச் சொல்லியாச்சு, மூணு வருஷம் லேட்டு.