பொழுது சாய்வதற்குள் ஒரு கேஸ்

இன்று காலை உன் தம்பி மேல்சித்தாமூரிலிருந்து குளுக்கோஸ் ஸ்டாண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் அடம்பிடித்தாராம். சண்டை போட்டு ஏற்றி வந்ததாகச் சொன்னார். "அக்கா ஞாபகமா வச்சிக்கலாம்னுதான் இருந்தேன் டாக்டர். வூட்டுக்கு வர்றவங்கல்லாம், யாருக்குப்பா ட்ரிப்ஸ் ஏத்தறீங்கன்னு கேக்கறாங்க" என்று கிளினிக் வாசலில் அதை நிறுத்திவிட்டுப் போனார். பாட்டில் மாட்டும் கொக்கிக்குக் கீழே, நீ போனைக் கட்டிவைத்த பேண்டேஜ் துணி அப்படியே சுற்றிக் கிடக்கிறது. அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. நீ போட்ட முடிச்சு அல்லவா! கிட்டே போனால் உன் தைல வாடை அடிக்கிறது. பெஞ்சு நிறைய நோயாளிகள் காத்திருக்க, செஞ்சி கடைத்தெரு பார்க்க, நான் ஒரு இரும்புக் கம்பியை மோந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாய்.

அந்த ஸ்டாண்டு உன் வீட்டுக்கு வந்த கதையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. நாம் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது உனக்கு மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிற்று. நான் டாக்டருக்குப் படித்து மருத்துவக் கல்லூரியில் வாத்தியாரானேன். நீ தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாய். ஆனாலும் அந்தக் கல்லூரியில் என்னைவிட உனக்குத்தான் பேர். பரீட்சை வந்தால், நோயின் அடையாளம் தெளிவாக இருக்கிற ஆட்களைத் தேடிப்பிடித்து வார்டில் உட்கார வைப்பார்கள். அவர்களுக்குக் 'கேஸ்' என்று பெயர். நீ நல்ல கேஸ். ஸ்டெத்தை வைத்தால் உன் வால்வின் சத்தம் அவ்வளவு சுத்தமாகக் கேட்கும்.

மற்றவர்கள் வியாதியை மறைப்பார்கள், நீ தம்பட்டம் அடித்தாய். "பரீட்சைக்குப் போறேன், லீவு வேணும்" என்று தாசில்தாரிடமே கேட்டாய். அதோடு விட்டாயா? பயந்து நடுங்குகிற பிள்ளை எவனாவது உன் முன்னால் வந்து நின்றால் போதும், அவன் குனிந்து ஸ்டெத்தை வைக்கும்போது, "மைட்ரல்... மைட்ரல்..." என்று உன் சுருங்கின வால்வின் பெயரை முணுமுணுப்பாய். வெளியூரிலிருந்து வந்த பரீட்சையாளர் என்னிடம் வந்து, "உங்க பேஷன்ட் பிட் கொடுக்கறாங்க டாக்டர்" என்று முறையிட்டார். எனக்கு மானம் போயிற்று. உன்னைத் திட்டினால், "பாவம்டி, வேர்த்துக் கொட்டுது அந்தப் புள்ளைக்கு" என்றாய்.

பிறகு நான் வேலையை விட்டுச் செஞ்சிக்கே வந்து கிளினிக் வைத்தேன். நீ ஓய்வு பெற்று மேல்சித்தாமூருக்குப் போனாய். அப்போதுதான் கொரோனா வந்தது. கல்லூரியை மூடினார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டிய பரீட்சையை வீடியோவில் வைப்பதாக அறிவித்தார்கள். திரையில் ஒரு நோயாளி இருப்பார். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே அவரிடம் பேச்சுக் கொடுத்து நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். உடம்பைப் பரிசோதிப்பதை வீட்டில் யாரையாவது படுக்கவைத்து, கேமரா முன்னால் செய்து காட்ட வேண்டும். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் எனக்கு போன் போட்டு அழுதார்கள். சரி, வாங்க, நாமும் வீடியோவிலேயே பழகலாம் என்றேன்.

நோயாளிக்கு எங்கே போவது? உனக்கு போன் செய்து, "உன் சத்தத்துக்கு இனிமே மதிப்பு இல்லடி. போன்ல அதெல்லாம் கேக்காது" என்றேன்.  உடனே சொன்னாய்: "சத்தம் கேக்கலன்னா இன்னா? எனக்கு வாய் இருக்குதில்ல?"

அன்றைக்குப் பிறந்தாள் ஒரு நடிகை. போனை ஆடாமல் நிறுத்த நான் கிளினிக்கிலிருந்து அந்த குளுக்கோஸ் ஸ்டாண்டை அனுப்பினேன். ஒவ்வொரு வகுப்புக்கும் இன்ன வியாதி, இன்ன தொல்லை என்று எழுதி உனக்கு அனுப்புவேன். நீ அதை மதித்தால்தானே! பித்தப்பைக் கல் கேசுக்கு நீ போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து, கேமராவில் அவர்கள் தலையும் தெரிந்தது. பிட் கொடுக்கிற புத்தியும் போகவில்லை. பிள்ளை தடுமாறினால் விலாவுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு கண்ணடிப்பாய். "கையை இறக்குடி!" என்று நான் கத்துவேன். திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தப் பாழாய்ப்போன நாட்களில், நாள் முழுக்க நான் காத்திருந்தது அந்த ஒரு சிரிப்புக்குத்தான்.

அந்தக் கூட்டத்தில் தேன்மொழி மட்டும் சிரிக்கமாட்டாள். அனந்தபுரத்துப் பெண். அவள் 'நைனா' என்று கூப்பிடும் அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். அந்தக் குடும்பத்தில் முதல் டாக்டர் ஆகப்போகிறவள் இவள். ஏற்கெனவே ஒருமுறை இந்தப் பரீட்சையில் தோற்றிருந்தாள். "இந்த வாட்டியும் போச்சுன்னா நான் திரும்பக் காலேஜுக்குப் போகமாட்டேன் மேடம். எங்க நைனா மூஞ்ச என்னால பாக்க முடியாது" என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். படிப்பில் குறையே இல்லை. கேள்விகளை மனப்பாடம் செய்துவைத்துக்கொண்டு மளமளவென்று கேட்பாள், பதில் மட்டும் காதில் ஏறாது. நீ ஒருநாள் வேண்டுமென்றே, "போன மாசம்தாம்மா எங்கூட்டுக்காரு செத்துட்டாரு" என்று சொல்லிப் பார்த்தாய். "சரிம்மா. காய்ச்சல் இருக்கா?" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நீதான் கேட்டாய்: "கண்ணு, நீ கேக்கறியா, படிக்கறியா?"

உடம்பைப் பரிசோதிப்பதற்கு அவளுடைய நைனாவையே சட்டையைக் கழற்றிப் படுக்கவைப்பாள். அவள் விரலால் வயிற்றைத் தட்டினால் அவர் நெளிவார். "நைனா, சிரிக்காத!" "கூசுது பாப்பா, நான் இன்னா பண்றது?" மகள் பாஸாக வேண்டும் என்று அந்த மனுஷன் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

பரீட்சை நெருங்க நெருங்க வகுப்பு நீண்டது. கார்த்திகை மாதம், பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். எனக்கு மாலை ஓ.பி.க்கு முன்னால் அந்த நேரம்தான் கிடைத்தது. அன்றைக்கு உனக்கு மூட்டு வலி கேஸ். நீ வழக்கம்போலப் படபடக்காமல், நிறுத்தி நிறுத்திப் பேசினாய். வயசான மூட்டுக்காரி இப்படித்தான் பேசுவாள், பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நான் உள்ளுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது தேன்மொழி. எந்த முட்டி, எப்போதிலிருந்து, வீக்கம் உண்டா என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவள், சட்டென்று நின்றாள்.

"ஆன்ட்டி, சாப்டீங்களா?"

நோயாளியாக நீ நடிக்கும்போது உன்னை 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். வகுப்பு முடிந்த பிறகுதான் 'ஆன்ட்டி'. எனக்குக் கோபம் வந்தது. "தேன்மொழி, முட்டியைக் கேளு! மார்க் போயிடும்!" என்றேன்.

அவள் விடவில்லை. "இல்ல மேடம். ஆன்ட்டி ஒரு பேச்சை முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு எடுக்கறாங்க. ஆன்ட்டி, நேத்து சாயங்காலம் சாப்டீங்களா?"

நீ சிரித்து மழுப்பினாய். "வகுப்பு முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சிடுதே கண்ணு. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடமாட்டோம்ல."

"முந்தா நாளு?"

"அன்னிக்கும்தான்."

"அப்போ சாயங்கால மாத்திரை?"

உன் வால்வு, மாத்திரைக் கதையெல்லாம் நீயே பிள்ளைகளிடம் தம்பட்டம் அடித்ததுதானே; இப்போது முட்டியைத் தடவி மறுபடி நடிக்கப் பார்த்தாய்.  தமிழ்ச் சமணக் குடும்பம், நயினார் வீட்டுப் பிள்ளை நீ, பொழுதோடு சாப்பிடுவது எனக்குத் தெரியாததா? அந்த வருஷம் விரதத்தைக் கடுமையாக்கி, பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூட வாயில் வைப்பதில்லை என்று உறுதி எடுத்திருந்தாய். அதுவும் தெரியும். இதயத்துக்கான நீர் மாத்திரையை மாலைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவளே நான்தான். இரண்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை, அந்தப் பெண் யோசித்தாள்.

காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். காலில் நீர் கோத்து, அமுக்கினால் குழி விழுந்தது. இருட்டிவிட்டிருந்தது. மாத்திரையை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாய்.

"விரதம்டி."

"செத்தா யாருக்குடி விரதம்?"

"நீ கத்தறதுதான் எனக்கு இரைக்குது."

அந்த நேரத்தில் போன் இன்னும் ஸ்டாண்டிலேயே இருந்திருக்கிறது. வகுப்பு கலையவில்லை. திரையிலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது. "மேடம், ஊசி போடலாமே? ஊசி வாய் வழியா போகாதுல்ல?"

நீ கண்ணை மூடி யோசித்தாய்.  "ஊசி சாப்பாட்டுல சேராது" என்று தீர்ப்புச் சொன்னாய். அத்தனை கட்டங்களிலும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நீ கையை நீட்டினாய். நான் ஊசி போட்டேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வகுப்பைக் காலைக்கு மாற்றினேன். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா வகுப்புக்கு வராதன்னு சொல்லுவ" என்றாய். சொல்லியிருப்பேன்தான்.

பரீட்சையன்று நாம் இருவரும் உன் வீட்டில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு என் சொந்தப் பரீட்சைக்குக்கூட அப்படி நெஞ்சு அடித்ததில்லை. பரீட்சை முடிந்து தேன்மொழி கூப்பிட்டபோது அவளுக்குப் பேச்சே குழறியது. வயிற்று வலிக்காரர் ஒருவராம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவள் அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டாளாம். "ஆனா நானே நிறுத்திட்டேன் மேடம். ஐயா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க, நான் குறுக்க பூந்துட்டேன், சொல்லுங்கன்னேன். அவரு சொன்னதுலதான் விஷயமே இருந்துச்சு!" பின்னால் அவளுடைய நைனா, "நான் சிரிக்கவே இல்ல டாக்டர்!" என்று கத்தினார். ரிசல்ட் வந்த அன்று அவள் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டாள். "பாஸ்டீ!" என்று நீ என் காது கிழியக் கூவினாய். எனக்கு அப்புறம்தான் போன் வந்தது. பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அதன்பிறகும் எத்தனையோ பிள்ளைகளுக்கு நீ நோயாளியாக இருந்தாய். போன ஆவணியில், வால்வு இனி தாங்காது என்றானபோது, தேன்மொழி தன் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து உன் கட்டில் அருகே உட்கார்ந்தாள். கடைசிவரை நீ பேசிக்கொண்டே இருந்தாய் என்றாள். அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

வெளியூர்ப் பரீட்சையாளர்கள் இருப்பதால் இப்போதும் ஒரு பகுதி வீடியோவில்தான் நடக்கிறது. இன்று மதியம் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தேன்மொழிதான் இப்போது வகுப்பை நடத்துகிறாள். "மேடம், இன்னிக்கு யாரு பேஷன்ட்?" என்றாள். ஆள் இல்லை. நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தலைவலி கேஸ். நானே எழுதியது. கேள்வி கேட்க வந்தவள் திண்டிவனத்துப் பக்கத்துப் பெண், முதல் தடவை, குரல் நடுங்குகிறது. பெயர், வயசு எல்லாம் கேட்டுவிட்டு, "வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" என்றாள். மகன், மருமகள் என்று தாளில் இருந்தது. வாயைத் திறந்தேன். "எனக்கு ஒரு சிநேகிதி இருந்தா" என்று வந்துவிட்டது.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சமாளிக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. போனுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, "சொல்லுங்கம்மா" என்றாள்.

சொன்னேன். நேரம் முடியும்வரை உன்னைப் பற்றியே சொன்னேன். நீ போனதிலிருந்து ஒருத்தரிடமும் சொல்லாததெல்லாம் கொட்டினேன். வாழ்நாள் முழுக்கப் பிறரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான். கேட்கப்படுகிற நாற்காலியில் உட்கார்ந்தால் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லையே! மாத்திரையை விட்டுக்கூட ஏன் ஓடி ஓடி வந்தாய் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

தலைவலியைப் பற்றி அந்தப் பெண் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேடம், மார்க் நீங்க போடறீங்களா?" என்று தேன்மொழி மெதுவாகக் கேட்டாள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீயே போடும்மா" என்றேன். "அடுத்த வகுப்புக்கும் வேற ஆள் தேடாத. நான்தான் பேஷன்ட்."